நெருப்பு நின்ற வாசற்படி

இந்துமாக் கடலில், மடகாஸ்கர் தீவுக்குக் கிழக்கே ஏறத்தாழ 700 கிலோமீட்டர் தொலைவில், ரெயூனியன் என்றொரு சிறு தீவு உண்டு. அதன் பரப்பு 2,512 சதுரக் கிலோமீட்டர். 1946 முதல் அது பிரான்சு நாட்டின் ஒரு மாவட்டமாகவே ஆளப்பட்டு வருகிறது. அத்தீவு முழுவதும் எரிமலை ஈன்ற குழந்தையாகும். கடலின் அடித்தளத்திலிருந்து உருகிய பாறை அடுக்கடுக்காகப் பொங்கி எழுந்து, நீருக்கு மேலே தலைகாட்டிய மலையே அது. தீவின் நடுவே 3,070 மீட்டர் உயரமுள்ள பழைய எரிமலை ஒன்று ஓய்ந்து கிடக்கிறது. தென்கிழக்கே இருப்பதோ ஓயாத எரிமலை. உயரம் 2,632 மீட்டர். பெயர் பித்தோன் தெ லா பூர்னேஸ். ‘உலைக்களக் கொடுமுடி’ என்று தமிழில் சொல்லலாம். உலகில் அடிக்கடி குமுறும் எரிமலைகளுள் அதுவும் ஒன்று.

நம்முடன் குருமடத்தில் ஒரே வகுப்பில் பயின்ற குருவானவர் ஒருவர் அத்தீவில் பங்குப்பணி ஆற்றி வருகிறார். நம் குருத்துவ வெள்ளிவிழா ஆண்டில் அவர் அன்புடன் அழைக்க, ஓர் ஆகஸ்டு மாதத்தில் நாம் அங்குச் சென்றோம். எரிமலையைக் காணச் சென்ற நாம், இருபது ஆண்டுகளாக நம் நெஞ்சில் ஆறாதிருந்த ஒரு கேள்வியையும் அங்கே சந்திக்க நேர்ந்தது. அதனையே வாசக அன்பர்களோடு பகிர்ந்துகொள்ள விழைகிறோம்.

உறவுள்ள தீவு

ரெயூனியன் நமக்கு முற்றிலும் அந்நியமான மண் அன்று. 1848 டிசம்பர் 20 அன்று அங்கே அடிமை முறை ஒழிக்கப்பட்டது. அதன்பின் கரும்புத் தோட்டங்களில் உழைக்க ஆள் வேண்டியிருந்தது. புதுவை, காரைக்கால் துறைமுகங்களின் வழியாக ஆயிரக்கணக்கான தமிழர்கள் ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறினர். அவர்களுடைய வழிவந்தோரை அங்கே ‘மல்பார்’ என்று அழைக்கின்றனர். தலைமுறைகள் கடந்தமையால் தமிழ் மொழி பெரும்பாலும் நாவை விட்டு அகன்றுவிட்டது. ஆயினும் அடுக்களையை விட்டு அகலவில்லை. கறியை ‘காரி’ என்கின்றனர்; கறிவேப்பிலையைக் ‘கலுப்பிலே’ என்கின்றனர்; முருங்கைக் கீரையை ‘பிரேத் முருங்’ என்கின்றனர். தாய்மொழியை மறந்த மக்கள் தாயின் கைப்பக்குவத்தை மறக்கவில்லை என்பதைக் கண்டு நம் கண்கள் கசிந்தன.

அவர்களுள் பலர் கத்தோலிக்கர். அத்தீவின் விசுவாச வரலாற்றில் ஒளிரும் பெயர், லசால் சபைச் சகோதரர் ஸ்குபிலியோன் என்பதாகும். பிரான்சில் பிறந்து 1833-இல் அங்கு வந்த அவர், பகலெல்லாம் உழைத்துக் களைத்த அடிமைகளுக்கு மாலை வேளைகளில் மறைக்கல்வி புகட்டினார். 1867 ஏப்ரல் 13 அன்று இறந்த அவரை, 1989 மே 2 அன்று திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் அத்தீவிலேயே முத்திப்பேறு பெற்றவராக உயர்த்தினார்.

மற்றுமோர் உறவும் உண்டு. அது மண்ணுக்கடியில் உள்ள உறவு. நிலவியல் அறிஞர் கூறுவது யாதெனில், ரெயூனியனுக்கு அடியில் பூமியின் ஆழத்தில் ஒரு வெப்ப ஊற்று இருக்கிறது. அது ஓரிடத்தில் நிலைத்திருக்க, அதன் மேலுள்ள நிலத்தட்டு மெல்ல நகர்ந்து செல்கிறது. ஏறத்தாழ 6 கோடியே 60 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் அந்த ஊற்றின்மேல் இருந்தது நம் இந்திய நிலமே! அன்று பொங்கி வழிந்த குழம்புதான் மராட்டிய நாட்டில் அடுக்கடுக்காக இறுகிக் கிடக்கும் தக்காணக் கரும்பாறை. அஜந்தா, எல்லோராக் குகைகள் குடையப்பட்டதும் அப்பாறையிலேதான். இந்திய நிலம் வடக்கே நகர நகர, அதே ஊற்று இலட்சத் தீவு, மாலத் தீவு, சாகோஸ் தீவுகளுக்கு அடித்தளமான மலைத்தொடரையும், பின்னர் மொரீசியசையும், இறுதியில் ரெயூனியனையும் ஈன்றது. நம் முன்னோர் கப்பலில் கடந்த அக்கடலை, அந்த நெருப்பு அவர்களுக்கு முன்பே கடந்திருந்தது.

கூடாரத்தில் ஓர் இரவு

நண்பருடைய பங்கைச் சேர்ந்த ஒரு தமிழ் வழிக் குடும்பத்தார் நம்மை மலைக்கு அழைத்துச் சென்றனர். தாத்தா, மகன், மருமகள், பேரப்பிள்ளைகள் மூவர். ‘பிளேன் தெ காப்ர்’ என்னும் மேட்டு நிலத்தில் அவர்களுடைய உறவினரின் மேய்ச்சல் நிலம் ஒன்று உண்டு. கடல் மட்டத்திற்கு 1,600 மீட்டர் உயரத்தில், பசுக்கள் மேயும் புல்வெளியில் இரண்டு கூடாரங்கள் அடித்தோம். நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே ஆகஸ்டு குளிர்காலம். சூரியன் மறைந்ததும் ஊசிபோல் குத்தும் குளிர் இறங்கியது. கடற்கரையில் பிறந்து வளர்ந்த நமக்கு, இரண்டு கம்பளிகளும் போதவில்லை.

மருமகள் அடுப்பு மூட்டிச் சோறும் பருப்பும் காரியும் சமைத்தார். உணவுக்குப்பின் அனைவரும் அடுப்பைச் சுற்றி அமர்ந்து செபமாலை சொன்னோம். அவர்கள் பிரெஞ்சில் தொடங்க, நாம் தமிழில் முடித்தோம். பத்து வயதுப் பேத்தி நம் தமிழ் செபத்தைக் கேட்டுத் தாத்தாவின் காதில் ஏதோ கேட்டாள். நண்பர் சிரித்துக்கொண்டே மொழிபெயர்த்தார்: “இது நம் பாட்டனார் பேசிய மொழியா என்று கேட்கிறாள்.” தாத்தா தலையசைத்தார், ஒன்றும் பேசவில்லை. அவர் இயல்பிலேயே சொற்சுருக்கம் உடையவர் என்று எண்ணிக்கொண்டோம்.

விடியலுக்கு முன்பே எழுந்து, மடக்கு மேசையைப் பீடமாக்கித் திருப்பலி நிறைவேற்றினோம். திரியின் சுடர் காற்றில் அணையாதபடி பேரன் தன் தொப்பியால் மறைத்துப் பிடித்தான். தலைக்கு மேலே தென் வானத்து விண்மீன்கள் நெருக்கமாக மின்னின.

உலைக்களத்தின் உள்ளே

மேய்ச்சல் நிலத்திலிருந்து மலைப்பாதை மேலேறிச் செல்கிறது. மரங்கள் குறைந்து, புதர்கள் குறைந்து, ஒரு வளைவில் திரும்பியதும் பசுமை முற்றிலும் மறைந்தது. ‘பிளேன் தே சாபிள்’, அதாவது மணற்சமவெளி. மணல் என்கிறார்களே தவிர, அது நம் கடற்கரை மணல் அன்று. கொல்லன் உலையில் கழியும் கிட்டத்தைப் பொடித்துப் பரப்பியது போன்று, கருமையும் செந்நிறமும் கலந்த பெருவெளி. கல்லும் காற்றுமன்றி வேறெதுவும் இல்லை. உலகம் படைக்கப்பட்ட முதல் நாளில் நிற்கிறோமோ என்ற மலைப்பு உண்டாயிற்று.

அவ்வழியில் கொமேர்சோன் என்னும் பழைய எரிமலை வாய் ஒன்று உள்ளது. 2007 பிப்ரவரியில் வீசிய புயலின்போது அங்கே 72 மணி நேரத்தில் 3,929 மில்லிமீட்டர் மழை பதிவாயிற்று. தமிழகத்தில் ஏறத்தாழ நான்கு ஆண்டுகளில் பெய்யும் மழை அங்கே மூன்றே நாள்களில் கொட்டித் தீர்த்தது! நெருப்பும் நீரும் ஒன்றையொன்று விஞ்சும் நிலம் அது.

சாலை முடியுமிடம் ‘பெல்கோம்ப் கணவாய்’. உயரம் 2,311 மீட்டர். அங்கே நின்று கீழே நோக்கினால், செங்குத்தான மதில் சூழ்ந்த மாபெரும் பள்ளம் ஒன்று விரிகிறது. குறுக்களவு சுமார் 8 கிலோமீட்டர். கிழக்குப் பக்கம் மட்டும் திறந்து, கடல்வரை சரிந்து செல்கிறது. நடுவே, கவிழ்த்த பானைபோல் எரிமலையின் கூம்பு. பள்ளத்துள் இறங்கும் வாயிலில் ஒரு கதவு உண்டு. மலை குமுறும் அறிகுறி தோன்றினால் அரசாங்கத்தார் அதனைப் பூட்டிவிடுவர். நாம் சென்ற நாளில் மலை அமைதியாயிருந்தது, கதவு திறந்திருந்தது. மதிலில் வெட்டிய ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட படிகளின் வழியே இறங்கினோம். முழங்கால்கள் நம் வயதை நமக்கு நினைவூட்டின.

கீழே முதலில் எதிர்ப்படுவது செந்நிறச் சிறு குன்று. 1753-இல் தோன்றியது என்பர். குழியானை என்று நம் பிள்ளைகள் மணலில் தேடும் பூச்சி உண்டல்லவா? அது தோண்டும் குழியைப் போன்றிருப்பதால், அப்பூச்சியின் இலத்தீன் பெயரையே குன்றுக்கும் இட்டு, ‘போர்மிகா லேயோ’ என்று அழைக்கின்றனர்.

அதன்பின் பாதை என்று ஒன்றும் இல்லை. கரும்பாறையின்மேல் இட்ட வெள்ளைச் சாயக் குறிகளே வழிகாட்டி. மூடுபனி சட்டென்று இறங்கும் இடமாதலால், அக்குறியை விட்டு விலகியவர் வழி தவறுவது எளிது. காலுக்கடியில் பாறை இருவகையாக இருந்தது. ஓரிடத்தில் முறுக்கிய கயிறுகளை வரிசையாக அடுக்கியதுபோல் வழுவழுப்பாக மடிந்து கிடந்தது. குழம்பு இளகிய நிலையில் மெல்ல ஓடி உறைந்தால் அவ்வாறாகும். வேறோரிடத்தில் கூரிய கற்குவியலாய்ச் செருப்பைக் கிழித்தது. குழம்பு இறுகத் தொடங்கியபின்னும் உந்தப்பட்டு நகரும்போது அதன் மேலோடு உடைந்து நொறுங்குவதால் வருவது அது. பன்றிக் கொழுப்பை வறுத்தெடுத்த பொரியலுக்கு வழங்கும் ‘கிராத்தோன்’ என்ற சொல்லையே உள்ளூரார் இதற்கும் வழங்குகின்றனர். பேரன் ஒரு கல்லை எடுத்துக் காட்டினான். அதனுள் பச்சைப் பளிங்குத் துகள்கள் மின்னின. பூமியின் ஆழத்திலிருந்து 1,100 பாகைக்கு மேற்பட்ட வெப்பத்தில் உருகி வந்த பாறை தன்னோடு கொணர்ந்த மணிகள் அவை.

உயிரே இல்லை என்று எண்ணி நடந்த நமக்கு, பாறை இடுக்குகள் வேறொரு பாடம் புகட்டின. முதலில் சாம்பல் நிறப் பாசியினம் கல்லைப் பற்றுகிறது. அதன் மடியில் தூசியும் ஈரமும் சேர, பெரணி முளைக்கிறது. பின்னர் சிறு புதர். மழை மிகுந்த கீழ்ச்சரிவுகளிலோ, காலப்போக்கில் காடே எழுந்துவிடுகிறது. நெருப்பு ஒரே இரவில் அழித்ததை, அழிவில்லாப் பொறுமையுடன் இறைவன் ஒரு பாசித் துணுக்கைக் கொண்டு மீண்டும் தொடங்குகிறார்.

பாதி வழியில் ‘ரோஸ்மோன் சிற்றாலயம்’ என்று பெயர் பெற்ற ஒரு பாறை இருக்கிறது. குழம்பு பீறிட்டு எழுந்து, மேலே கூரையிட்டாற்போல் உறைந்து, உள்ளே குடைவாகியுள்ளது. ஒரு சிறு கோயிலின் வாயிலைப் போன்றே தோற்றம். அங்கே அமர்ந்து ரொட்டியைப் பகிர்ந்துண்டோம். அப்போது பேத்தி, “எங்கள் ஊரிலும் எரிமலைக் கோயில் ஒன்று இருக்கிறது” என்றாள்.

அக்கோயிலின் வரலாறு நாம் முன்னரே அறிந்தது. 1977 ஏப்ரல். உயிர்ப்புப் பெருவிழாவை ஒட்டிய நாள்கள். வழக்கமாகப் பெரும்பள்ளத்துக்குள்ளேயே வழியும் குழம்பு, அவ்வாண்டு பள்ளத்துக்கு வெளியே பிளந்துகொண்டு பாய்ந்தது. மலையடிவாரத்திலுள்ள பித்தோன் சேன்த் ரோஸ் என்னும் சிற்றூரை நோக்கி இறங்கியது. மக்கள் வெளியேற்றப்பட்டனர், உயிர்ச்சேதம் இல்லை. ஆனால் வீடுகள் பல புதைந்தன. சாலையைக் கடந்து கோயிலின் வாயிலை எட்டிய குழம்பு, உள்ளே பரவிப் பீடத்தை அடையாமல், சுவர்களின் இருபுறமாகவும் பிரிந்து சென்று உறைந்தது. கோயில் நிலைத்து நின்றது. இன்று அதற்கு ‘எரிமலைக் குழம்பின் அன்னை ஆலயம்’ என்று பெயர்.

இதனைக் கேட்டதும் நம்முள் இருந்த பிரசங்கி விழித்துக்கொண்டான். பிள்ளைகளுக்கு அன்னையின் பாதுகாவலைப் பற்றி ஒரு சிறு மறையுரையே ஆற்றத் தொடங்கிவிட்டோம். பிள்ளைகள் ஆவலுடன் கேட்டனர். தாத்தா மட்டும் எழுந்து, சற்றுத் தள்ளிச் சென்று, கடல் பக்கம் பார்த்து நின்றார்.

முதியவரின் கேள்வி

கூம்பின்மேல் ஏறி உச்சியை அடைந்தபோது நண்பகல் நெருங்கியிருந்தது. பிரெஞ்சு நிலவியல் அறிஞர் தொலொமியேயின் பெயரைத் தாங்கிய பெருவாய் நம் முன் திறந்தது. நீளம் ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர். ஆழம் 300 மீட்டருக்கும் மேல். 2007-க்கு முன் அத்துணை ஆழம் இல்லை. அவ்வாண்டு ஏப்ரலில், மலையின் வயிற்றிலிருந்த குழம்பு கீழ்ச்சரிவின் வழியே பெருவெள்ளமாக வெளியேறிக் கடலில் கலந்தது. உள்ளீடு இழந்த உச்சி, பெரிய வியாழன் இரவுக்கும் பெரிய வெள்ளி விடியலுக்கும் இடையே இடிந்து உள்வாங்கத் தொடங்கியது. இப்போதும் விளிம்பிலிருந்து கற்கள் உதிரும் ஒலி அவ்வப்போது கேட்கிறது. அதனால் விளிம்பை நெருங்க எவரையும் விடுவதில்லை.

அங்கே தாத்தா நம் அருகில் வந்தமர்ந்தார். “மோன் பேர்” என்று நம்மை அழைத்தார். ‘என் தந்தையே’ என்பது அதன் பொருள். நண்பர் மொழிபெயர்க்க, அவர் சொன்னது இது:

“1977-இல் எனக்குப் பதினெட்டு வயது. எங்கள் வீடு அந்தக் கோயிலுக்கு அருகில்தான் இருந்தது. தகரக் கூரை, மர வீடு. என் தந்தை தன் கையால் கட்டியது. சுவரில் அன்னையின் படம் இருந்தது. நாள் தவறாமல் என் தாய் அதன்முன் விளக்கேற்றுவாள். நெருப்பு கோயிலைச் சுற்றிக்கொண்டு போயிற்று. எங்கள் வீட்டைச் சுற்றிக்கொண்டு போகவில்லை. ஆண்டுதோறும் எங்கிருந்தெல்லாமோ மக்கள் வந்து அக்கோயிலைப் படம் எடுத்துக்கொண்டு, அற்புதம் என்கிறார்கள். நானும் நன்றி சொல்கிறேன். ஆனால் தந்தையே, அவர்கள் கால் வைத்து நிற்கும் அந்தக் கரும்பாறைக்கு அடியில் என் வீடு இருக்கிறது. கடவுள் தம் வீட்டை மட்டுமா பார்த்தார்?”

குற்றஞ்சாட்டும் குரல் அன்று அது. நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகச் சுமந்த ஒன்றை மெல்லக் கீழே இறக்கி வைத்த குரல். நமக்கு விடை எழவில்லை. எழாததற்குக் காரணமும் இருந்தது. அக்கேள்வியை நாம் முன்பே ஒருமுறை கேட்டிருக்கிறோம்.

2004 டிசம்பர் 26 அன்று ஆழிப் பேரலை நம் கரையைத் தாக்கியபோது, நாம் கடலோரப் பங்கு ஒன்றில் இளம் துணைக் குருவாயிருந்தோம். வேளாங்கண்ணிக் கரையில் திருப்பயணிகள் நூற்றுக்கணக்கில் மாண்டனர். பேராலயமோ நிலைத்து நின்றது. அடுத்த ஞாயிறு நம் சிற்றாலயத்தில் திருப்பலி. மக்களைத் தேற்ற வேண்டுமென்ற எண்ணத்தில், அன்னையின் ஆலயத்தை அலை தீண்டாத அற்புதத்தை உருக்கமாக எடுத்துரைத்தோம். திருப்பலி முடிந்ததும், ஏழு வயது மகனை அலைக்குப் பறிகொடுத்த மீனவத் தாய் ஒருத்தி வாயிலில் நின்றாள்.

“சாமி, தண்ணி கோயிலுக்கு வழி விட்டுச்சுன்னு சொன்னீங்க. என் புள்ளையும் மாதா புள்ளதானே? அவனுக்கு ஏன் வழி விடல?”

நாம் ஏதோ சொன்னோம். இறைவனின் திருவுளம் என்றும், அவனுக்கு வானகத்தில் இடம் உண்டு என்றும் சொன்னதாக நினைவு. அவள் கேட்டுவிட்டு, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு போய்விட்டாள். சில மாதங்களில் நமக்கு வேறு பங்கிற்கு மாற்றல் வந்தது. அவளை மீண்டும் காணவில்லை. காண முயலவும் இல்லை என்பதே உண்மை.

இதனை அந்த மலையுச்சியில் முதியவரிடம் சொல்லிவிட்டோம். குருவானவர் ஒருவர் தம் பிழையைப் பொதுநிலையினரிடம் அறிக்கையிடுவது வழக்கமன்று. ஆனால் அன்று அவ்விடத்தில் அதுவன்றி வேறு நேர்மையான மறுமொழி நம்மிடம் இல்லை. அவர் நெடுநேரம் பேசாதிருந்தார். பின்னர், “நாளை அன்னையின் விண்ணேற்பு விழா. எங்கள் ஊர்க் கோயிலுக்கு வாருங்கள்” என்றார்.

அன்னையின் வாசற்படியில்

ஆகஸ்டு 15 காலை அங்குச் சென்றோம். சாலையோரத்தில் எளிய கோயில். அதன் இருபுறத்திலும் கறுத்து உறைந்த பாறை, அலை ஒன்று அடித்து அப்படியே நின்றாற்போல். நம் ஊர்க் கடலை அங்கே கல்லாகக் கண்டோம்.

திருப்பலிக்குப்பின் தாத்தா நம்மை வெளியே அழைத்துச் சென்று, பாறையின் ஓரிடத்தைக் கையால் தொட்டுக் காட்டினார். “இங்கேதான்” என்றார். அங்கே ஒரு பெரணி முளைத்திருந்தது.

பின்னர் அவர் தம் தாயைப் பற்றிச் சொன்னார். வீடு இழந்தபின் அவர்கள் உறவினர் வீட்டில் ஒண்டியிருந்தனர். கோயில் மறுபடி திறந்ததும், அவருடைய தாய் சனிக்கிழமைதோறும் துடைப்பத்துடன் சென்று கோயிலைப் பெருக்குவாராம். இளைஞராயிருந்த மகனுக்குச் சினம். “உன் வீட்டைக் காப்பாற்றாத சாமிக்கு நீ ஏன் பெருக்குகிறாய்?” என்று ஒரு நாள் கேட்டாராம். தாய் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு, “வீடு போய்விட்டது. இதுவும் போயிருந்தால், நான் அழுவதற்கு ஓர் இடம் இருந்திராது” என்றாராம்.

“அது அற்புதமா இல்லையா என்று என் தாய் ஒருநாளும் சொன்னதில்லை, தந்தையே. எனக்கும் தெரியாது. அவள் இறந்தபின் அத்துடைப்பத்தை நான் எடுத்துக்கொண்டேன்” என்று முடித்தார்.

குருமடத்தில் நாம் பயின்ற ஏடுகள் நினைவுக்கு வந்தன. சீலோவாம் கோபுரம் இடிந்து விழுந்து பதினெட்டுப் பேர் மாண்டபோது, அவர்கள் மற்றவரினும் பாவிகளோ என்ற எண்ணத்தை ஆண்டவர் அறவே மறுத்தாரல்லவா? மாண்டவர் பாவிகளல்லர் என்றால், தப்பியவர் அதிகத் தகுதி பெற்றவர் என்பதும் இல்லை. எலியாஸ் தீர்க்கதரிசி மலைமேல் நின்றபோது, பெருங்காற்றிலும் நிலநடுக்கத்திலும் நெருப்பிலும் இறைவன் இல்லை. அவற்றின் பின் வந்த மெல்லிய ஓசையிலேதான் இறைவனின் வருகையை அவர் உணர்ந்தார். அந்த நெருப்பு எவ்வழி செல்லும் என்பதை நிலத்தின் சரிவும், மேலே இறுகும் ஓடும், எதிர்ப்படும் தடையும் முடிவு செய்கின்றன. கோயில் நின்றதற்காக நன்றி சொல்வது நம் கடமை. ஆனால் அந்த நன்றியை, வீடிழந்தவனின் முகத்துக்கு எதிரே ஒரு வாதமாக நீட்டுவது அன்பன்று. நெருப்பு விலகிச் சென்ற அந்த நாளில் மட்டுமன்று, பின்னர் ஒவ்வொரு சனிக்கிழமையும் கேட்ட துடைப்பத்தின் ஓசையிலும் ஆண்டவர் அங்கே இருந்தார் என்று நாம் நம்புகிறோம்.

மற்றொன்றும் சொல்லத் தகும். 1977-இல் அம்மலையைக் கண்காணிக்க ஓர் ஆய்வுநிலையம் இல்லை. அந்தத் துயரத்தின் பயனாக 1979-இல் மேட்டு நிலத்தில் எரிமலை ஆய்வுநிலையம் நிறுவப்பட்டது. குழம்பு மேலெழுமுன் மலை சற்றே உப்புகிறது. நூற்றுக்கணக்கான சிறு அதிர்வுகள் தோன்றுகின்றன. கருவிகள் அதனை அறிந்து சொல்ல, மேலே பள்ளத்தின் கதவு பூட்டப்படுகிறது. அவ்வாறே நம் நாட்டிலும் 2004-க்குப்பின், 2007 அக்டோபரில் ஐதராபாத்தில் ஆழிப் பேரலை முன்னெச்சரிக்கை மையம் தொடங்கப்பட்டது. இரவு பகலாகக் கருவிமுன் விழித்திருந்து, முன்பின் அறியாத மக்களின் உயிரைக் காக்கும் அறிஞர்களின் பணியும் பிறரன்புப் பணியே. ‘ஏன் வழி விடல’ என்ற கேள்விக்கு, அடுத்த தாய் அக்கேள்வியைக் கேட்க நேராமற் செய்வதும் ஒருவகை மறுமொழியல்லவா?

தாமதமாய்ச் சென்ற வழி

தாயகம் திரும்பிய மூன்றாம் வாரம், பழைய பங்கிற்குச் சென்றோம். விசாரித்ததில் அத்தாய் சுனாமிக் குடியிருப்பில் இருப்பதாகச் சொன்னார்கள். தலை நரைத்திருந்தது. முதலில் நம்மை அடையாளம் தெரியவில்லை. பெயரைச் சொன்னதும் சற்றே திகைத்து, நாற்காலியைத் துடைத்துப் போட்டாள்.

“அம்மா, அன்று நீங்கள் கேட்டதற்கு எனக்கு விடை தெரியாது. தெரிந்ததுபோல் பேசினேன். என்னை மன்னித்துவிடுங்கள்” என்றோம்.

அவள் உள்ளே சென்றாள். தேநீர் கொண்டுவரப் போகிறாள் என்று நினைத்தோம். திரும்பி வந்தபோது கையில் ஒரு புகைப்படம் இருந்தது. பள்ளிச் சீருடையில் பல் விழுந்த வாயுடன் சிரிக்கும் சிறுவன்.

“இவன்தான் சாமி. நீங்க இவனப் பாத்ததே இல்லையே” என்றாள். பின்னர் ஒரு மணி நேரம் அவனைப் பற்றியே பேசினாள். அவனுக்குப் பிடித்த மீன், அவன் பயந்த நாய், அவன் பாடிய மாதா பாட்டு. நாம் ஒன்றும் பேசவில்லை, கேட்டுக்கொண்டிருந்தோம். விடைபெறும்போது, “இப்பவாவது வந்தீங்களே” என்றாள்.

அன்பார்ந்த குடும்பத்தாரே! நம் அனைவரின் வாழ்விலும், அலை ஒரு வீட்டைத் தொட்டு மறுவீட்டை விட்டுச் செல்லும் நாள்கள் உண்டு. விடப்பட்ட வீட்டில் இருப்போர் தம் வீட்டுக்குள் முழந்தாளிட்டு நன்றி செலுத்தட்டும். அதன்பின் எழுந்து, தொடப்பட்ட வீட்டிற்குச் செல்லட்டும். அங்கே விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. அவர்கள் எடுத்துத் தரும் படத்தைக் கையில் வாங்கி, அமர்ந்து பார்த்தால் போதும்.